ஒரு சின்னக் கரணைக்கு 333 அடிக் கோபுரம்

வாஷிங்டன் பக்கம் வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலெக்சாண்ட்ரியாவில் குன்றின் மேல் நிற்கும் ஜார்ஜ் வாஷிங்டன் மேசன் நினைவு மண்டபத்தைத் தாராளமாகப் போய்ப் பாருங்கள், ஆனால் அந்தக் கோபுரத்துக்காகப் போகாதீர்கள். உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது, கொத்தனார் கலவை பூசும் கரணை ஒன்று இருக்கிறது, ஒரு அழகில்லாத ஓவியம் இருக்கிறது. அந்த மூன்றுக்காகப் போங்கள். மற்றதெல்லாம் அந்த மூன்றையும் வைப்பதற்குக் கட்டிய பெட்டி, என்ன, பெட்டி கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.

நான் போனது சித்தப்பாவோடு. அவர் நாற்பது வருடம் கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் இருந்தவர், இரண்டு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். வெள்ளை மாளிகையின் வேலி, கேப்பிடல் என்கிற நாடாளுமன்றக் கட்டடம், ஸ்மித்சோனியன் எல்லாம் பத்து நாளில் முடிந்துபோனது. அப்புறம் எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் ஒரு சனிக்கிழமை மெட்ரோவில் ஏறி கிங் ஸ்ட்ரீட் நிறுத்தத்தில் இறங்கினோம். இறங்கியதும் கண்ணுக்கு நேரே தெரிகிறது, ஒரு குன்று, அதன் மேல் தூண் வைத்த முகப்பு, அதற்கு மேல் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் கோபுரம், உச்சியில் பிரமிடு மாதிரி ஒரு முடி. சித்தப்பா தலையை நிமிர்த்தி, "இது என்னப்பா, கோயிலா?" என்றார். "கொத்தனார் சங்கக் கட்டடம் சித்தப்பா" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன், அவர் நம்பிவிட்டார். குன்றின் சரிவில் புல்வெளியில் பிரம்மாண்டமாக மூலைமட்டமும் கவராயமும் பதித்திருப்பதைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை இன்னும் உறுதியானது. "நம்ம மூலைமட்டம்தானே இது!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியேற ஆரம்பித்தார்.

அந்தப் படிகளைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பக்கமாக ஏறிப் போவது பார்க்க அழகு, முழங்காலுக்குக் கேடு. கார் வைத்திருப்பவர்கள் கட்டடத்தின் பின்பக்கம் நிறுத்திவிட்டு உள்ளே வரலாம். அதை நான் விசாரிக்காமல் போனது என் தப்பு. எழுபது வயதுக்காரர் என்னைவிட வேகமாக ஏறினார் என்பது வேறு விஷயம்.

போகிற வழியில் உண்மையைச் சொன்னேன். மேசன் என்றால் கொத்தனார்தான், ஆனால் இந்த ஃபிரீமேசன்கள் யாரும் சுவர் கட்டியவர்கள் இல்லை. இவர்களுடைய உள்ளூர்க் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர், தங்கும் விடுதி இல்லை. 1717இல் லண்டனில் நான்கு லாட்ஜ்கள் சேர்ந்து ஒரு தலைமை லாட்ஜை அமைத்தன. அதிலிருந்துதான் இன்றைய அமைப்பு வளர்ந்தது. பெரிய வீட்டு ஆட்களும் வியாபாரிகளும் வக்கீல்களும் டாக்டர்களும் சேர்ந்த சகோதர சங்கம். கொத்தனாரின் கருவிகளை ஒழுக்கப் பாடத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். மூலைமட்டம் நேர்மைக்கு, ரசமட்டம் சமத்துவத்துக்கு, தூக்குக்குண்டு நிமிர்ந்து நடப்பதற்கு. உள்ளே மதச் சண்டையும் அரசியல் சண்டையும் கூடாது. சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் ஏறினார். பிறகு, "கரணை பிடிக்காதவனுக்கு எதுக்குப்பா தூக்குக்குண்டு?" என்று கேட்டார். சுற்றிப் பார்த்து முடிக்கும்வரை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

உள்ளே நுழைய டிக்கெட் உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம் என்பதால் இங்கே பணம் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். இது அரசாங்கக் கட்டடம் இல்லை. மேசன்களே பணம் போட்டுக் கட்டி, மேசன்களே பராமரிக்கிறார்கள். மேல் மாடிகளுக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும், நீங்களாகச் சுற்ற முடியாது. வாரத்தில் சில நாள் பூட்டியிருக்கும், நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் பெரிய மண்டபம். பச்சை கிரானைட்டில் எட்டுத் தூண்கள், கோடியில் வாஷிங்டனின் வெண்கலச் சிலை, உயரம் 17 அடி 3 அங்குலம். பிரையன்ட் பேக்கர் செய்தது, 1950இல் அதிபர் ட்ரூமன் திறந்துவைத்தார். ட்ரூமனே மேசன்தான், மிசௌரி மாநிலத் தலைமை லாட்ஜின் தலைவராக இருந்தவர். சிலையில் வாஷிங்டன் மேசன் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிறார். இரண்டு பக்கச் சுவரிலும் ஆலன் காக்ஸ் வரைந்த நீண்ட சுவரோவியங்கள். ஒன்றில் கேப்பிடல் கட்டடத்துக்கு அடிக்கல் போடும் காட்சி, இன்னொன்றில் 1778இல் ஃபிலடெல்ஃபியா தேவாலயத்தில் நடந்த ஒரு மேசன் வழிபாடு. எல்லாம் பளபளவென்று இருக்கிறது. எனக்கு என்னவோ பெரிய வங்கியின் தலைமை அலுவலகத்துக்குள் நுழைந்த மாதிரிதான் இருந்தது. சித்தப்பா சிலையைப் பார்க்கவில்லை. தூணின் அடியில் குனிந்து, கல்லும் கல்லும் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "மூட்டு தெரியலை" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஹார்வி வைலி கார்பெட். பெயர் தெரியாவிட்டாலும் அவர் கட்டிய இன்னொரு கட்டடம் நம்மில் பல பேருக்குக் காதால் பழக்கம். லண்டனில் புஷ் ஹவுஸ் அவர் வடிவமைத்ததுதான். பிபிசி தமிழோசை பல வருடம் அங்கேயிருந்துதான் ஒலிபரப்பானது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு ஆர்வம் வந்தது. பழைய எகிப்து அலெக்சாண்ட்ரியாவில் இருந்த கலங்கரை விளக்கத்தை மனதில் வைத்துத்தான் இந்தக் கோபுரத்தை எழுப்பினார் கார்பெட். ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்ததால் வந்த யோசனை. இங்கே அதற்கு விளக்கும் தேவையில்லை, கப்பலுக்கு வழிகாட்டும் வேலையும் இல்லை. அப்படியே தூக்கி நிறுத்திவிட்டார்கள்.

இனி அசல் கதைக்கு வருகிறேன். இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் உள்ளே இருக்கும் சாமான்கள் பேசும்.

போட்டோமாக் ஆற்றங்கரையில் அலெக்சாண்ட்ரியா ஒரு சின்னத் துறைமுக ஊர், 1749இல் உருவானது. வாஷிங்டனின் வீடான மவுன்ட் வெர்னன் தெற்கே சில மைல் தூரம்தான், அவருக்குக் கடை கண்ணி, தபால், கோயில், தேர்தல் எல்லாம் இந்த ஊரில்தான். 1783இல் இங்கே ஒரு லாட்ஜ் தொடங்குகிறது, பென்சில்வேனியாவிடம் அனுமதி வாங்கி, 39 என்ற எண்ணோடு. ஐந்து வருடம் கழித்து வர்ஜீனியா தலைமை லாட்ஜுக்குக் கீழே மாறி 22ஆம் எண் ஆனது. அந்தப் புது அனுமதிப் பத்திரத்தில் லாட்ஜின் மாஸ்டர், அதாவது தலைவர், என்று எழுதிய பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். 1789 ஏப்ரலில் அவர் நாட்டின் முதல் அதிபராகப் பதவி ஏற்கும்போதும் இந்த லாட்ஜின் மாஸ்டர் அவர்தான். இதைத்தான் இவர்கள் இருநூறு வருடத்துக்கும் மேலாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர் இறந்த சில வருடங்களில் லாட்ஜின் பெயரையே அலெக்சாண்ட்ரியா-வாஷிங்டன் லாட்ஜ் என்று மாற்றிக்கொண்டார்கள்.

சரி, மனுஷர் கூட்டத்துக்கு வந்தாரா? இங்கேதான் சுவாரஸ்யம். வாஷிங்டன் மேசனாகச் சேர்ந்தது தன் 20ஆவது வயதில், 1752 நவம்பரில், ஃபிரெடரிக்ஸ்பர்க் ஊரில் இருந்த லாட்ஜில். சேர்க்கைக் கட்டணம் 2 பவுண்டு 3 ஷில்லிங் கட்டியிருக்கிறார். அதெல்லாம் பதிவில் இருக்கிறது. ஆனால் 1798இல் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே, கடந்த முப்பது வருடத்தில் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் தான் லாட்ஜுக்குப் போனதில்லை என்று எழுதியிருக்கிறார். ஊர்ச் சங்கத்துக்கு ஒரு பெரிய மனிதரைக் கௌரவத் தலைவராகப் போட்டுவிட்டு, அவர் வராவிட்டாலும் நோட்டீஸில் அவர் பெயரைப் பெரிதாக அச்சடிப்பது நமக்குப் புதிதா என்ன? இப்படி எழுதுகிறேன் என்பதால் அவர் மேசன் அமைப்பை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொது விழா என்றால் ஏப்ரன் கட்டிக்கொண்டு முன்னால் நின்றிருக்கிறார்.

அப்படி ஒரு விழாதான் 1793 செப்டம்பர் 18. கேப்பிடலுக்கு அடிக்கல். அலெக்சாண்ட்ரியா லாட்ஜ்காரர்களும் மேரிலாந்து லாட்ஜ்காரர்களும் ஊர்வலமாக வர, வாஷிங்டன் குழிக்குள் இறங்கிக் கல்லை வைத்தார். தானியமும் ஒயினும் எண்ணெயும் கல் மேல் ஊற்றினார்கள், அது அவர்கள் சடங்கு. பிறகு 500 பவுண்டு எடையுள்ள ஒரு எருதைச் சுட்டு எல்லாருக்கும் சாப்பாடு. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு ஆரவாரமாக வைத்த அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பல தடவை தேடிவிட்டார்கள். கல் போன இடம் தெரியவில்லை, கல் வைக்கப் பயன்படுத்திய கரணை மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் கரணையைத்தான் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தோம். வெள்ளித் தகடு, தந்தப் பிடி. அலெக்சாண்ட்ரியாவின் வெள்ளி ஆசாரி ஜான் டஃபி செய்தது. சின்னது, நம் வீட்டில் கேக் வெட்டிப் பரிமாறும் கரண்டி அளவுக்குத்தான் என் கண்ணுக்குப் பட்டது. கூட வந்த கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டது, சித்தப்பா நகரவில்லை. மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். "இதுல கலவையை அள்ள முடியாது. சும்மா ஒரு தொட்டு வச்சிருப்பாரு" என்றார். கொஞ்சம் விட்டு, "ஆனா பிடி கரெக்டா வளைச்சிருக்கான். பிடிச்சா மணிக்கட்டு வலிக்காது. செஞ்சவனுக்கு வேலை தெரியும்" என்றார். வழிகாட்டி திரும்பி வந்து என்ன சொல்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தொழில் என்ன என்றார். சொன்னேன். இந்த அறைக்கு நிஜமான கொத்தனார் வருவது அபூர்வம் என்று சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். சித்தப்பாவும் கை கொடுத்தார். ரகசியக் கைகுலுக்கல் ஏதும் நடந்த மாதிரி தெரியவில்லை.

இரண்டாவது, கடிகாரம். எனக்கு மொத்த இடத்திலும் பிடித்தது இதுதான். வாஷிங்டனின் படுக்கையறைக் கடிகாரம். முள் 10.20இல் நிற்கிறது. 1799 டிசம்பர் 14 இரவு தொண்டை அடைத்து, மூச்சுத் திணறி அவர் இறந்தபோது கூட இருந்த மூன்று டாக்டர்களில் ஒருவர் எலிஷா கல்லன் டிக். அலெக்சாண்ட்ரியாக்காரர், மூவரில் இளையவர். இந்த லாட்ஜின் மாஸ்டரும் அவரே. மற்றவர்கள் வைத்தியம் என்று மறுபடி மறுபடி உடம்பிலிருந்து ரத்தத்தை வடித்துக்கொண்டிருந்தபோது, போதும், இனி வேண்டாம் என்று சொன்னவர் அவர். அவர் பேச்சு எடுபடவில்லை. உயிர் போனதும் அவர்தான் இந்தக் கடிகாரத்தை நிறுத்தினார் என்று லாட்ஜ்காரர்கள் சொல்லிவருகிறார்கள். நான்கு நாள் கழித்து மவுன்ட் வெர்னனில் நடந்த அடக்கத்தில் மேசன் சடங்கை நடத்தியவரும் அவரே. ஒரே வாரத்தில் ஒரு மனிதர் டாக்டராகத் தோற்று, சங்கத் தலைவராக நின்று சடங்கும் செய்திருக்கிறார். வழிகாட்டி இதையெல்லாம் இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் என்றால் அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டு அரைமணி நேரம் இதை மட்டுமே பேசுவேன்.

மூன்றாவது, ஓவியம். 1794இல் வில்லியம் ஜோசஃப் வில்லியம்ஸ் வரைந்தது. லாட்ஜ் கேட்டுக்கொண்டு, வாஷிங்டன் ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டாலர் நோட்டில் இருக்கும் அமைதியான முகம் இல்லை இது. அம்மைத் தழும்பு தெரிகிறது, மறு தெரிகிறது, வயசு தெரிகிறது, சிடுசிடுவென்று பார்க்கிறார். கழுத்தில் மேசன் பட்டை. ஓவியரிடம், உள்ளதை உள்ளபடி போடு என்று சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. பெரிய மண்டபத்து வெண்கலச் சிலையைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், மேலே இருப்பது தெய்வம், இங்கே இருப்பது பல்வலிக்காரர்.

இந்தச் சாமான்கள் எல்லாம் முதலில் இருந்தது ஊர் நடுவில், சந்தைச் சதுக்கத்து நகர மன்றக் கட்டடத்தில், லாட்ஜின் அறையில். கீழே காய்கறிச் சந்தை, மேலே கூட்டம். வாஷிங்டன் குடும்பத்தாரும் ஊர்க்காரர்களும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுக்க, லாட்ஜிடம் ஒரு பொக்கிஷமே சேர்ந்துவிட்டது. 1871இல் அந்தக் கட்டடம் தீப்பிடித்தது. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நிறைய எரிந்துபோனது. இன்று நாம் பார்ப்பது மிச்சம்தான். நகர மன்றத்தை மறுபடி கட்டினார்கள், லாட்ஜும் அங்கேயே தொடர்ந்தது, ஆனால் பயம் போகவில்லை. தீப்பிடிக்காத ஒரு அறை வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள்.

ஒரு அறை எப்படி 333 அடிக் கோபுரம் ஆனது என்பது எந்த ஊர்க் கமிட்டியிலும் நடக்கிற கதை. 1910 பிப்ரவரி 22, வாஷிங்டன் பிறந்தநாளன்று, நாடு முழுக்க உள்ள தலைமை லாட்ஜ்களின் ஆட்கள் அலெக்சாண்ட்ரியாவில் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஊர் லாட்ஜின் ஆசை நாட்டின் ஆசை ஆனது. 1922இல் மண் வெட்டினார்கள். 1923 நவம்பர் 1 அடிக்கல், அதிபர் கூலிட்ஜ் வந்தார், அதே வெள்ளிக் கரணையை வெளியே எடுத்தார்கள். 1932 மே 12இல் திறப்பு, அதிபர் ஹூவர் வந்தார். அந்த இரண்டு அதிபர்களுமே மேசன் இல்லை என்பது ஒரு சின்னக் குறும்பு. கடன் வாங்கவில்லை, உறுப்பினர்கள் கொடுக்கக் கொடுக்கக் கட்டினார்கள். அதனால் வெளியே கம்பீரமாக நின்றாலும் உள்ளே வேலை இழுத்துக்கொண்டே போய் 1970இல்தான் முடிந்தது. இதைச் சொன்னதும் சித்தப்பா தலையாட்டினார். "கையில காசு இருக்கிறப்ப கட்டி, இல்லாதப்ப நிறுத்தி வைக்கிறவன்தான் நிம்மதியாத் தூங்குவான். என்ன, பூச்சு வேலைக்குள்ள பேரன் பொறந்துருவான்."

லிஃப்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. கோபுரம் மேலே போகப் போகச் சிறுக்கிறது, லிஃப்ட் இரண்டும் ஓரத்தில் இருக்கின்றன. நேராக மேலே போனால் சுவருக்கு வெளியே வந்துவிடும். அதனால் உள்பக்கமாக ஏழரை டிகிரி சாய்ந்தே ஏறுகின்றன. உள்ளே நிற்கும்போது பெரிதாகத் தெரியவில்லை. வழிகாட்டி சொல்வதற்கு முன்பே சித்தப்பா கண்டுபிடித்துவிட்டார், "இது சாஞ்சு போகுதுப்பா" என்றார். நாற்பது வருடம் தூக்குக்குண்டு பிடித்த கண்.

மேல் மாடிகளில் ஒவ்வொன்றும் மேசன் அமைப்பின் ஒவ்வொரு கிளைக்கு. ஒன்று இடைக்காலத் தேவாலயம் மாதிரி, ஒன்று எபிரேய ஆலயம் மாதிரி. சாலமோன் ராஜா கட்டிய ஆலயத்தின் கதைதான் இவர்கள் சடங்குகளுக்கு ஆணிவேர் என்பதால் திரும்பின பக்கமெல்லாம் சாலமோன். உண்மையைச் சொன்னால் இங்கே எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு அறையும் நாடக மேடை செட் மாதிரி இருக்கிறது, எது எந்தப் பட்டத்துக்கு, எது எந்தக் கிளைக்கு என்று மூன்றாவது அறையிலேயே குழம்பிவிடும். மேசன் சமாச்சாரத்தில் ஏற்கனவே ஆர்வம் உள்ளவர்களுக்கு இது விருந்து. ரகசியச் சதி, உலகை ஆளும் கூட்டம் என்றெல்லாம் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான், எல்லாக் கதவும் திறந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்கிறார்கள். நான்காம் மாடியில் வாஷிங்டன் அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது, அங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஒன்பதாம் மாடி, வெளியே நடைபாதை. ஆறு, பாலம், இறங்கும் விமானங்கள், தூரத்தில் வாஷிங்டன் ஸ்தூபி, கேப்பிடல் குவிமாடம். வெயில் நாளாக இருந்தால் டிக்கெட் காசு இங்கேயே கழிந்துவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்களாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சமத்துவம், சகோதரத்துவம் என்று ரசமட்டத்தைக் காட்டிப் பேசும் இந்த அமைப்பின் அமெரிக்க லாட்ஜ்கள் கறுப்பர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்பவரும் வேறு 14 கறுப்பர்களும் 1775இல் ஒரு பிரிட்டிஷ் ராணுவ லாட்ஜில்தான் சேர முடிந்தது. 1784இல் அவர்களுக்குத் தனி லாட்ஜ் நடத்த அனுமதி கொடுத்ததும் இங்கிலாந்துதான். அவர் பெயரிலேயே கறுப்பர்களின் மேசன் அமைப்பு இன்றும் தனியாக இருக்கிறது. இன்னொன்று, இந்தக் குன்றிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் டியூக் தெருவில் 1315ஆம் எண் கட்டடம். 1828 முதல் ஃபிராங்க்ளின், ஆர்ம்ஃபீல்ட் என்ற இரண்டு பேர் அடிமை வியாபாரம் நடத்திய இடம். ஆயிரக்கணக்கான மனிதர்களை இங்கே அடைத்துவைத்துத் தெற்கே அனுப்பினார்கள். இப்போது அது ஃபிரீடம் ஹவுஸ் என்ற சிறிய அருங்காட்சியகம். நானும் சித்தப்பாவும் மண்டபத்திலிருந்து நேராக அங்கே போனோம். பச்சைத் தூண்கள் நின்ற மண்டபத்துக்கும் இந்தக் குறுகிய செங்கல் கட்டடத்துக்கும் நடுவே சில நிமிட நடைதான். அந்த நடையை உங்கள் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு இடமும் வேறு மாதிரி தெரியும்.

யாருக்கு ஏற்றது? வரலாற்றுப் பித்து உள்ளவர்களுக்கு, கட்டடக் கலை படிப்பவர்களுக்கு, கட்டட வேலை செய்தவர்களுக்குக் கண்டிப்பாக. சின்னக் குழந்தைகளோடு போனால் லிஃப்ட்டும் உச்சியும் தவிர மற்ற இடங்களில் நச்சரிப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாதவர்கள் யோசித்துப் போங்கள். அடித்துப் பிடித்து ஓடுகிறவர்கள் லாட்ஜின் பழைய சாமான்கள் இருக்கும் இடத்தில் மட்டுமாவது நின்று பாருங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்று குறைத்தது அந்த நாடக மேடை அறைகளுக்காக.

திரும்பும்போது சித்தப்பா, "இவங்க வச்ச கல்லு ஒண்ணாவது கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும். 1791 ஏப்ரல் 15, புதுத் தலைநகரத்தின் எல்லையை அளக்க முதல் எல்லைக்கல்லை நட்டது இதே அலெக்சாண்ட்ரியா லாட்ஜ், நட்டவர் அதே டாக்டர் டிக். ஊரின் தென்கோடியில் ஜோன்ஸ் பாயின்ட் என்ற முனை. ஒரு டாக்ஸி பிடித்துப் போனோம். பெரிய பாலம் தலைக்கு மேலே ஓடுகிறது, கீழே ஆற்றோரம் புல்வெளி, அதில் 1850களில் கட்டிய ஒரு கலங்கரை விளக்கம். கோபுரம் எதுவும் இல்லை. சின்ன வெள்ளை மர வீடு, கூரை மேல் ஒரு விளக்குக் கூண்டு, அவ்வளவுதான். ஆனால் இது நிஜமாகவே கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கு. அதன் முன்னால் ஆற்றுத் தடுப்புச் சுவருக்குள் கல் பதிந்து கிடக்கிறது, தேய்ந்துபோய், எழுத்தெல்லாம் அழிந்து. சித்தப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.